26,000 வருமானம், மாதம் 4,550 துண்டு விழுகிறது: எந்தக் கடனை முதலில் அடைப்பது, சாப்பாட்டுச் செலவில் எங்கே கை வைப்பது?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர், திருப்பாதிரிப்புலியூர். நாலு பேர் குடும்பம், பிள்ளைகள் இருவரும் ஆரம்பப் பள்ளி. சிப்காட் சம்பளம் 20,000, வீட்டுத் தையலில் சராசரி 6,000. போன மாதம் ஒன்று விடாமல் எழுதிய செலவு இது.

வாடகை 5,000
மளிகை 6,500 (இதில் 25 கிலோ அரிசி மூட்டை 1,400, இட்லி மாவு ஒரு கிலோ பாக்கெட் வாரம் மூன்று, ஒன்று 45)
காய்கறி 2,400
மீன், கறி, முட்டை 2,600
பால் 1,800
டிபன் கடை, பேக்கரி 1,600
சிலிண்டர் மாதக் கணக்கில் 600
கரண்ட், போன், ஸ்கூல் வேன், பெட்ரோல் 3,200

கடன்கள்: தண்டல் (தினமும் கட்டி அடைக்கும் கடன்) 10,000, கையில் கிடைத்தது 8,500, தினம் 100, இன்னும் 60 நாள். குழுக் கடன் மாதம் 2,350, 12 தவணை பாக்கி. தெரிந்தவரிடம் புரோநோட்டில் (கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன் பத்திரத்தில்) 30,000, அஞ்சு வட்டி, மாதம் 1,500 வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே. வங்கியில் 3 பவுன் அடகு, 60,000, ஒரு ரூபாய் வட்டி, வைத்து 8 மாதம். மளிகைக் கடை நோட்டில் 8,400 பாக்கி.

மொத்தச் செலவு 30,550. எந்தக் கடனை முதலில் முடிப்பது? சாப்பாட்டில் பிள்ளைகள் வயிற்றில் அடிக்காமல் எவ்வளவு குறைக்கலாம்?

வட்டிக்கணக்கு:

எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பதால் சொல்வது சுலபம். ஒரே ஒரு ஓட்டை: நகைக்கடன் வட்டி மாதம் 600 உங்கள் கணக்கில் இல்லை. கையிலிருந்து போகாததால் கண்ணில் படவில்லை. எட்டு மாதத்தில் 4,800 ஏறியிருக்கும். ஆக உண்மையில் துண்டு விழுவது 5,150.

எல்லா வட்டியையும் ஆண்டுக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், அஞ்சு வட்டி 60. தண்டலில் 8,500 வாங்கி 100 நாளில் 10,000 கட்டுவது, தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 120 சதவீதம் அளவுக்கு வருகிறது.

அப்படியென்றால் தண்டலைத்தானே முதலில் முடிக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தண்டல் வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். இன்றைக்கே மொத்தமாக 6,000 கட்டினாலும் வழக்கமாக ஒரு ரூபாய்கூடத் தள்ளமாட்டார்கள். அது பாட்டுக்கு ஓடி முடியட்டும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இருபது முப்பது நாள் பாக்கி இருக்கும்போது, "பாக்கியைக் கழிச்சுக்கிட்டு புதுசா பத்தாயிரம் போட்டுத் தரேன்" என்பார்கள். அப்போது பழைய தண்டலில் ஏற்கெனவே வட்டி கட்டிய பணத்துக்குப் புதுத் தண்டலில் மறுபடி வட்டி பிடிபடும். தண்டலில் இருந்து வருடக்கணக்கில் வெளியே வராத வீடுகள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். (தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி மூன்றும் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டி வசூல் தடைச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் இந்தச் சட்டத்தைச் சொல்லியே புகார் எழுதலாம்.)

முதலில் வெட்ட வேண்டியது அஞ்சு வட்டி. 3 பவுன் என்றால் 24 கிராம். இன்று தங்கம் விற்கும் விலைக்கு 60,000 என்பது குறைந்த அடகு. அதே நகையைத் திருப்பி, 95,000-க்கு மறு அடகு வையுங்கள். பழைய அசல் 60,000, ஏறிய வட்டி 4,800, மீதியில் 30,000 புரோநோட்டுக்காரருக்கு. முன்பு இரண்டு கடனுக்கும் சேர்த்து மாத வட்டி 2,100. இனி 950. மாதம் 1,150 மிச்சம், சமையலறையில் ஒரு பருக்கை குறைக்காமல்.

அடகு வைக்கும் நாளிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். அசலில் பகுதி பகுதியாகக் கட்டலாமா? வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொள்வார்களா? வட்டி போக மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு? முதல் இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் வையுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விட்டால் 11,400 வந்து நிற்கும், மறுபடி அடகைப் புதுப்பித்து அசலை ஏற்றுவீர்கள்.

குழுக் கடனைத் தொடாதீர்கள், தவணையை மட்டும் தவறாமல் கட்டுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. வசூலுக்கு காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக்கூடாது என்பதும் அதில் உண்டு. அதே விதி, வீட்டின் மாத வருமானத்தில் பாதி வரை தவணை போகலாம் என்கிறது. உங்களுக்கு அது 13,000. அதனால் இன்னொரு குழுக் கடன் தர முன்வருவார்கள். அந்த எல்லை அவர்கள் கடன் தருவதற்கானது. உங்கள் வீட்டில் அரிசி பருப்புக்குப் போக என்ன மிஞ்சும் என்று பார்த்துப் போட்டது அல்ல.

அஞ்சறைப்பெட்டி:

வட்டியை அவர் சொல்லிட்டார். சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். உங்க பட்டியல்ல சாப்பாடு மட்டும் 14,900. நல்லாச் சாப்பிட்டே 10,700-க்குக் கொண்டு வரலாம்.

டிபன் கடை, பேக்கரி 1,600 எங்கேருந்து வருதுன்னு பாருங்க. பெரும்பாலும் ராத்திரி மாவு தீர்ந்துபோன நாளும், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற நேரமும்தான். மாவு எப்பவும் இருந்தா பரோட்டா பார்சல் நின்னுடும். மல்லாட்டை (வேர்க்கடலை) அரை கிலோ வாங்கி வறுத்தோ அவிச்சோ வச்சா நாலு சாயங்காலம் ஓடும். பேக்கரி பஃப்ஸ் ஒண்ணு விலைக்கு ரெண்டு பிள்ளைக்கும் வயிறு நிறையும். இதுல 1,100 மிச்சம்.

மாவு: மாசம் 13 பாக்கெட், 585 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசி 1 கிலோவுக்கு முழு உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு ஸ்பூன். அரிசியை அஞ்சாறு தடவை கழுவி ஆறு மணி நேரம் ஊற வைங்க. உளுந்து தனியா, ஒரு மணி நேரம் போதும், ஊறின தண்ணியையே தெளிச்சு அரைங்க. ஒரு தடவைக்கு இரண்டரை கிலோவுக்கு மேல மாவு வரும். மாசம் அஞ்சு தடவை ஆட்டினா கணக்கு சரி. செலவு உளுந்துக்கு மட்டும், ஒண்ணேகால் கிலோ. இட்லி கல்லு மாதிரி வந்தா அரிசி நைசா போயிருச்சுன்னு அர்த்தம், சன்ன ரவை பதத்துல நிறுத்துங்க. தட்டையா விழுந்தா உளுந்து பொங்கலை. மிக்ஸியில் ஆட்டினா சூடேறி இதான் ஆகும், ஐஸ் தண்ணி ஊத்துங்க. சித்திரை வைகாசியில் நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஆறு மணி நேரத்துலயே பொங்கிடும், ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டி காலையில் அஞ்சு மணிக்கே எடுத்து பிரிட்ஜ்ல வைங்க.

ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. முன்னுரிமை அட்டையில் நாலு பேருக்கு 20 கிலோ அரிசி இலவசம். பருப்பும் எண்ணெயும் ஒரே நாளில் வராது, அதனால ஒரு தடவை போய் இல்லைன்னா விட்டுடாதீங்க. வாங்கினதும் போன்ல வர்ற மெசேஜைப் படிங்க. வாங்காத பொருள் பில் ஆகியிருந்தா அங்கேயே கேளுங்க, இல்லைன்னா 1967-க்குப் போன் போடுங்க.

காய்கறி: உழவர் சந்தையில் தினம் காலையில் விலை எழுதின போர்டு இருக்கும். முதல்ல போர்டைப் பாருங்க, அப்புறம் கூடையைப் பாருங்க. டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, போற செலவும் மிச்சம். வாரம் 420 ரூபாய், ஒரே நாள். கீரை, வெண்டை முதல் ரெண்டு நாள். கத்திரி, அவரை நடுவுல. பூசணி, சேனை, கருணை கடைசி நாட்களுக்கு. தள்ளுவண்டியில் கூறு கட்டி வைக்கிற தக்காளியை அப்படியே பையில் கொட்டாதீங்க. மேல நாலு பழம் பளபளன்னு இருக்கும், அடியில் இருக்கறதைத் திருப்பிப் பாருங்க, காம்புக் குழியில் கறுப்பு இருந்தா மறுநாளே கசியும். கூறு இருபது ரூபாய்னா கிலோ இருபதுன்னு நினைச்சுக்கறோம், எடை போட்டா முக்கால் கிலோவுக்கும் குறைவா இருக்கும். பலாப்பழ சீசன்ல பண்ருட்டிப் பழம் வாங்கினா கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க. கழுவிக் காய வச்சா ரெண்டு நாள் சாம்பாருக்குக் காய் வேண்டாம்.

மீன்: முதுநகர் துறைமுகத்துக்குப் போனா வஞ்சிரம் பக்கம் நிக்காம மத்தி, காரப்பொடி, நெத்திலி பாருங்க. மத்தி ஒரு கிலோ ஆய்ஞ்சா அறுநூறு கிராம் சொச்சம் நிக்கும், அந்த எடையை வச்சு விலையைக் கணக்குப் போடணும். அப்பவும் வஞ்சிரத் துண்டைவிட மலிவுதான். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, விலை ஏறும். அந்த ரெண்டு மாசம் முட்டையும் கருவாடும். காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் கருவாட்டைக் கட்டை விரலால் அமுக்குங்க. விரல் பதிஞ்சா ஈரம், ஈரத்துக்கும் உப்புக்கும் சேர்த்துக் காசு குடுக்கறீங்க. ஒண்ணோட ஒண்ணு தட்டினா டக்குன்னு சத்தம் வரணும்.

பாலை அளவு குறைக்காதீங்க, பிள்ளைங்களுக்கு அது வேணும். கொழுப்பு நிறைஞ்ச பாக்கெட்டுக்குப் பதிலா சமன்படுத்தின பால் வாங்குங்க, 300 ரூபாயாவது நிக்கும்.

கெடிலக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ரேஷன் அரிசிச் சோறு வாடை அடிக்கிறது என்று யாரும் சாப்பிடுவதில்லை, நடுவில் பிளாஸ்டிக் மாதிரி அரிசியும் மிதக்கிறது. மாசியில் புளி, மிளகாய், பருப்பு வருடத்துக்கும் சேர்த்து வாங்கினால் மலிவு என்று மாமியார் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அஞ்சறைப்பெட்டி:

மிதக்கிறது பிளாஸ்டிக் இல்லை. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டின அரிசி. நூறு அரிசிக்கு ஒண்ணுன்னு கலந்திருக்கும். பொறுக்கி எறிஞ்சா சத்தைத்தான் எறியறீங்க. வாடை போக, வாங்கின அன்னிக்கே அரிசியைப் புடைச்சு ஒரு வெயில் காட்டி, வேப்பிலை போட்டு மூடி வைங்க. சமைக்கறப்போ அரை மணி நேரம் ஊற வச்சு, நிறையத் தண்ணியில் கொதிக்க விட்டு வடிங்க. குக்கர்ல வச்சா வாடை உள்ளேயே நிக்கும். முதல் மாசம் சோத்துக்குக் கடை அரிசி மூணு பங்கு, ரேஷன் ஒரு பங்கு. அப்புறம் பாதிப் பாதி. மாவுக்கு 5 கிலோ, சோத்துல கொஞ்சம், வெண்பொங்கல், புளிசாதத்துக்குக் கொஞ்சம்னு போனா உங்க 1,400 ரூபாய் மூட்டை ரெண்டு மாசம் வரும். மாசம் 700. மாவுல 400 சொச்சம், பருப்பு எண்ணெயில் 200. பத்து ரூபாய் சாஷே, அம்பது கிராம் பொட்டலம் வாங்கறதை நிறுத்தினா இன்னொரு 300. மளிகையில் 1,600 வந்துடுச்சு. காய்ல 600, மீன் கறியில் 600.

மஞ்சக்குப்பம்:

புளி விஷயத்தில் மாமியார் சொல்வது தப்பில்லை, கடன் இல்லாத வீட்டுக்கு. மாசியில் 100 ரூபாய்க்கு வாங்கும் புளி ஐப்பசியில் 130 ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 100 ரூபாயை அஞ்சு வட்டிக்காரரிடம் அசலில் கட்டாமல் விட்டால் எட்டு மாதத்தில் 40 ரூபாய் வட்டி. மலிவுக்கு வாங்கிப் பத்து ரூபாய் நட்டம். நகைக்கடனுக்கு மாற்றிவிட்டால் அதே எட்டு மாதத்துக்கு 8 ரூபாய்தான், அப்போது மொத்தமாக வாங்குவது லாபம். ஆனால் அதற்கும் முன் கடை நோட்டை முடியுங்கள். நோட்டில் வட்டி எழுதுவதில்லை என்பதால் அதைக் கடனாகவே நினைப்பதில்லை. பாக்கி உள்ள கடையில் விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்குப் போகக் கால் வராது. வட்டி அந்த விலையில் ஏறி நிற்கிறது.

இனி கூட்டுங்கள். துண்டு 5,150. வட்டி மாற்றத்தில் 1,150, சாப்பாட்டில் 4,200. மிச்சம் 200. முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும், காய்ச்சல் மருந்து ஒன்று வந்தாலே கையைக் கடிக்கும். தண்டல் முடிந்ததும் 3,000 விடுபட்டு மாதம் 3,200 ஆகும். ஐந்தாவது மாதம் கடை நோட்டு முடியும், அடுத்து முழுவதும் நகைக்கடன் அசலுக்கு. 12 தவணை கழித்து குழுக் கடனின் 2,350-ம் சேரும்.

நடைமுறையில் இது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, மாதத்தை நாலு வாரம் என்று பிரிப்பது. மீதி இரண்டு மூன்று நாளுக்குப் பணம் இருக்காது, 29-ம் தேதி மறுபடி நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவீர்கள். மாதச் சாப்பாட்டுப் பணத்தை 30-ஆல் வகுத்து ஏழால் பெருக்குங்கள். அஞ்சறைப்பெட்டி சொன்ன 420 அப்படி வந்ததுதான். இரண்டு, மிச்சப்பட்ட பணம் கடனுக்குப் போகாமல் வீட்டிலேயே கரைவது. போனில் ஸ்கேன் செய்து கொடுத்தால் 40, 60 என்று போவது தெரியவே தெரியாது. காய், மீன் பணத்தை சம்பளத்தன்றே ரொக்கமாக எடுத்து ஐந்து கவரில் போடுங்கள், ஐந்தாவது கவர் மாதக் கடைசி நாட்களுக்கு. நகைக்கடன் வட்டி 950-ஐயும் அன்றே கட்டிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது, அது 26,000-இல் சேரவில்லை என்றால், ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கும் தீபாவளிக்கும் அதை மட்டும் ஒதுக்குங்கள். கரண்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் ஏறிவிடும்.

கடைசியாக, புரோநோட்டு. 30,000-ஐ எடுத்துக்கொண்டு போகும்போது சாட்சிக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். ஜாமீனாக வெற்று செக் கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். நோட்டின் பின்பக்கம் அசலும் வட்டியும் முழுதும் வரவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்த நோட்டையே கையில் வாங்குங்கள். "பீரோ சாவி இல்லை, நாளைக்குத் தரேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.