விசுவாசம் குறைந்ததால்தான் இந்தத் துன்பமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மன்னார்குடிக்கு அருகே சிறு விவசாயக் குடும்பம் எங்களுடையது. அறுவடைக்கு ஒரு வாரமே இருந்தபோது பெய்த தை மாத மழையில் சம்பாப் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. அதே மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்ததோடு பேச்சும் போய்விட்டது. ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், வீட்டில் விசுவாசம் குறைந்திருப்பதால்தான் சுகம் தாமதமாகிறது என்று அப்பாவின் காதுபடவே சொல்லிச் சென்றார். நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் எதை நம்பி ஜெபிப்பது என்று தெரியவில்லை. அப்பா எழுந்து நடப்பார் என்று நம்புவதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையா?

தரங்கம்பாடிவாசி எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியில் இருக்கும் சொல்லே குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வரும் இடத்தில், கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கிறது. எதிர்நோக்கு என்ற சொல் எனக்கு முதலில் செயற்கையாகத்தான் பட்டது; இப்போது பிடித்திருக்கிறது. இன்ன நாளில் இன்னது நடக்கும் என்று கடவுளிடம் கணக்குக் கேட்பதிலிருந்து அது விலகி நிற்கிறது.

எங்கள் ஊரான தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, டேனிஷ் கோட்டைத் தலைவரின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததைப் பார்த்தவர், பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம் வரை மட்டுமே மொழிபெயர்த்துவிட்டு, 1719இல் 36 வயதில் மறைந்தார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த சூல்ட்சே. விசுவாசக் குறைவால் அவர் இளவயதில் இறந்தார் என்று யாராவது சொல்வார்களா? வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்' கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிக்கும் அதே மனிதர், முதல் அதிகாரத்தில் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன் என்று கர்த்தரிடம் வழக்காடுகிறார். அந்த வழக்கையும் சேர்த்துத்தான் வேதமாக வைத்திருக்கிறோம்.

நாகைக் கடலோரம் எழுதியது:

அம்மா, நான் கத்தோலிக்கன். அவ்வளவாகப் படித்தவனும் அல்லன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று என் தம்பியைக் கடல் கொண்டுபோயிற்று. அதன் பிறகு எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய முகம்கூட இப்போது நினைவில் இல்லை. உள்நாட்டுக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் சோற்றுப் பானையோடு வந்து, எதுவும் பேசாமல் மாலைவரை எங்களோடு உட்கார்ந்திருந்தார், அவரை மறக்கவில்லை. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரையில் சரியாகத்தான் இருந்தார்கள், பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

உயிர்த்தெழுந்த இயேசு, நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் காட்டியது ஆணித் தழும்புகளை. அவை மறைந்துவிடவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். தம்பியை மறந்தால்தான் நம்பிக்கை என்று என்னிடம் யாரும் கேட்க முடியாது.

கொள்ளிடக்கரை எழுதியது:

நான் செவிலியராக இருப்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜெபத்தைக் காரணம் காட்டி மாத்திரையையோ இயன்முறைப் பயிற்சியையோ யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சி கிடைக்குமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். பேச முடியாதவருக்கும் பல வேளைகளில் நாம் பேசுவது புரியும், ஆகவே அந்த ஊழியரை அடுத்த முறை திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அப்பாவுக்கு ஆபகூக்கை முதல் அதிகாரத்திலிருந்தே வாசித்துக் காட்டினேன். வயல்கள் என்ற வரி வந்ததும் இடக்கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கு வைக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.