மறு: நாட்டுப்பொது அலைபரப்பகம் – குர்திய நாட்டுக் கதைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். மூன்று நாட்களாக நீங்கள் எழுதிய மடல்களை எல்லாம் வாசித்தேன். கேள்வியைக் கிளப்பிவிட்டவன் நான் என்பதால் இனியும் மௌனமாக இருப்பது முறையல்ல.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கற்பனைக் கதை, குர்திய மொழி பேசும் ஒரு தனி நாட்டில் நடக்கிறது. துருக்கி, ஈராக் போன்ற நாடுகளில் பிரிந்து வாழும் குர்தியர்களுக்கு உண்மையில் அப்படி ஒரு தனி நாடு இல்லை. அந்த நாட்டுக்கென வானொலியும் தொலைக்காட்சியும் நடத்தும் நிறுவனம் ஒன்று உண்டு. செலவு மக்கள் வரிப்பணத்தில். ஆனால் அரசு சொன்னபடி ஆடாது. அமைச்சர் செய்தியறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார், ஆசிரியர் எடுக்க மறுக்கிறார். கதையின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. இந்த நிறுவனத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

> "அரசுத் தொலைக்காட்சி" என்று போட்டுவிடுங்கள். வாசகருக்கு உடனே புரியும்.

புரியும், தவறாகப் புரியும். அப்படிப் போட்டால் அமைச்சரின் அழைப்பை எடுக்காத ஆசிரியர் ஓர் ஒழுங்கீனமான ஊழியர் ஆகிவிடுவார். கதை முடிந்தது.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அதைக் கொண்டுபோய் உண்மை வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்பது. குர்தியர்களுக்கு ஒலிபரப்பு புதிதல்ல. பாக்தாத் வானொலி 1939-லேயே குர்திய மொழியில் பேசத் தொடங்கியது. 1955 முதல் சோவியத் ஆர்மீனியாவின் யெரெவான் வானொலியில் குர்தியப் பிரிவு இயங்கியது. எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டது அதைத்தான். 'தெங்பேஜ்' என்று அவர்கள் அழைக்கும் கதைப்பாடகர்களின் குரல் அந்த நிலையத்தின் ஒலிநாடாக்களில்தான் நிலைபெற்றது. 'தெங்' என்றால் குரல், 'பேஜ்' என்றால் சொல்பவர். அவர்களில் பெரும்புகழ் பெற்ற கராபெத்தே காச்சோ ஓர் ஆர்மீனியர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இந்த இரண்டு நிலையங்களும் அரசு ஒலிபரப்புதான். ஆனால் வேறோர் அரசின் ஒலிபரப்பு.

துருக்கியில் 1983-இல் வந்த 2932-ஆம் எண் சட்டம் குர்திய மொழியில் வெளியிடுவதையே தடுத்தது. 1991-இல் அது நீங்கியது. 2004-இல் அந்நாட்டு அரசின் ஒலிபரப்பு நிறுவனமான டிஆர்டி, வாரத்துக்குச் சிறிது நேரம் குர்திய நிகழ்ச்சி போட்டது. 2009 ஜனவரி 1 அன்று 'டிஆர்டி 6' முழுநேரச் சேனலாகத் தொடங்கியது. 2015-இல் 'டிஆர்டி குர்தி' ஆனது. இதற்கு நடுவே 1995-இல் வந்தது, புலம்பெயர்ந்த குர்தியர்களின் மெட் டிவி. உரிமம் லண்டனில், கலையகம் பெல்ஜியத்தில், பார்ப்பவர்கள் துருக்கியின் தியார்பக்கிர் நகர மொட்டைமாடிகளில் டிஷ் ஆன்டெனா மாட்டியவர்கள். வன்முறையைத் தூண்டும் ஒளிபரப்பு என்ற குற்றச்சாட்டில் 1999-இல் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை ஆணையம் அதன் உரிமத்தை ரத்து செய்தது. சட்டக் காகிதத்தில் அது ஒரு பிரிட்டிஷ் சேனல்!

ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் கதை வேறு. அங்கே 1999-இல் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி 'குர்திஸ்தான் டிவி'யைத் தொடங்கியது. மறு ஆண்டே சுலைமானியா நகரில் தேசபக்த ஒன்றியம் என்ற இன்னொரு கட்சி 'குர்த்சாட்'டைத் தொடங்கியது. கட்சிக்கு ஒரு சேனல் என்பது நமக்கு விளக்கவேண்டிய விஷயமே இல்லை. 2011 பிப்ரவரியில் கட்சி சாராத என்ஆர்டி தொடங்கிய சில நாட்களிலேயே அதன் நிலையம் எரிக்கப்பட்டது.

ஆக, பிற அரசின் நிலையம், புலம்பெயர்ந்தோர் நிலையம், கட்சி நிலையம் எல்லாம் இருந்திருக்கின்றன. கதையில் வருவது இவற்றில் எதுவும் இல்லை. அது இதுவரை இல்லாத ஒன்று என்பதால்தான் கதாசிரியர் அதைக் கற்பனை செய்யவேண்டியிருந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்த மூன்றிலிருந்தும் அதைப் பிரித்துக் காட்டவேண்டும். "அரசு" பிரிக்காது. "தேசிய"வும் பிரிக்காது, அங்கே தேசியம் யாருடையது என்பதே வழக்கு.

> பொது ஒளிபரப்பு நிறுவனம் – இதில் என்ன குறை?

"பொது"வில் இருக்கிறது குறை. பொதுப்பணித்துறை என்றால் அரசுத் துறை. பொதுத்துறை வங்கி என்றால் அரசு வங்கி. பொதுக்கூட்டம் என்றால் நம் ஊரில் கட்சிக் கூட்டம். பாவம், அந்தச் சொல்லை இத்தனை பேர் இழுத்தால் அது என்ன செய்யும்? ஆனாலும் அதைக் கைவிட எனக்கு மனமில்லை. தமிழிலேயே அதற்குப் பழைய, தெளிவான பொருள் ஒன்று கிராமத்தில் இருக்கிறது: ஊர்ப்பொது. ஊர்ப்பொதுக் குளம், ஊர்ப்பொதுக் களம். அது யாருடைய சொத்தும் இல்லை, எல்லோருக்கும் உரிமை உண்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊருக்கு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அரசு நிலம் என்று எழுதிவைப்பார்கள், அது வேறு. ஊராரைக் கேட்டால் பதில் மாறும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன். உதுமானியப் பேரரசின் 1858 நிலச் சட்டத்தைப் பற்றி வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சட்டம் நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தது. அவற்றில் 'மீரி' அரசுக்குரியது. 'மெத்ரூகே' என்பது பாதை, ஊர் மேய்ச்சல்வெளி போல எல்லோரும் பயன்படுத்த விட்டுவைக்கப்பட்டது. அரசு நிலம் வேறு, பொது நிலம் வேறு! குர்தியர்கள் வாழும் நிலத்தின் பெரும்பகுதி உதுமானியர் ஆட்சியில் இருந்ததுதான். அந்த மண்ணில் அரசும் பொதுவும் வேறு வேறு என்பது சட்டத்திலேயே எழுதிவைத்த விஷயம். குர்திய மொழியில் இன்று பொது என்பதற்கு 'கிஷ்த்தி' என்கிறார்கள். 'கிஷ்த்' என்றால் எல்லாம், அனைத்தும். நம் "பொது"வின் நெருங்கிய உறவு.

எனவே என் பரிந்துரை: ஊர்ப்பொது என்பதைப் போல நாட்டுப்பொது. "தேசியப் பொது" என்று இரண்டு அடைமொழி தேவையில்லை. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஒலியா ஒளியா என்ற தொல்லை. உலகில் வேறு யாருக்கும் இந்தச் சங்கடம் இருக்குமா தெரியவில்லை. வானொலி ஒலிபரப்பும், தொலைக்காட்சி ஒளிபரப்பும். இரண்டையும் செய்யும் நிறுவனத்துக்கு வாயில் நுழையாத "ஒலி-ஒளிபரப்பு". ஓர் எழுத்து மாறினால் அச்சுப்பிழை திருத்துபவருக்கு வேலை. குர்திய மொழியின் குர்மாஞ்சி வழக்கில் 'வெஷான்' என்ற ஒரே சொல், அச்சுக்கும் ஒலிக்கும் ஒளிக்கும் போதுமானதாக இருக்கிறது. அதன் வினை, மரத்தை உலுக்கிக் காய்களை உதிர்ப்பதையும் குறிக்கும். பொறாமையாக இருக்கிறது.

வெறும் "பரப்பகம்" என்று வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பரப்புரை என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது ஐயா. இந்தக் கதைக்கு அதைவிடக் கெட்ட துணை கிடைக்காது. "அலைபரப்பு" என்பதே எனக்குப் பிடிக்கிறது: வானொலிக்கும் அலை, தொலைக்காட்சிக்கும் அலை. 1995-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச் சொத்து என்று சொன்னது நினைவிருக்கும். அலையும் பொதுவும் அங்கே ஏற்கெனவே சந்தித்துவிட்டன.

இணையத்தில் பார்ப்பவருக்கு அலை எங்கே என்று கேட்பீர்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013-இல் நின்றுபோனது. தந்தியைப் பெயரில் சுமக்கும் நாளிதழ் காலையில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆக: நாட்டுப்பொது அலைபரப்பகம். அடிக்க விரும்புபவர்கள் அடிக்கலாம்.

அன்புடன்,
கேள்வி கேட்டவன்

---

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைக் கேட்டே காலை விடிந்தது. அந்தக் கூட்டுத்தாபனம் 1967-இல் வந்தது. அமைச்சுத் திணைக்களமாக இருந்ததைக் கூட்டுத்தாபனம் என்று மாற்றியதும் அது எங்களுடையதாகிவிட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. பெயர் மாறினால் சுபாவம் மாறுமா?

இன்னொன்று. துருக்கி அரசியலமைப்பின் 133-ஆம் பிரிவு டிஆர்டியைத் தன்னாட்சியும் நடுநிலையும் கொண்ட பொது அமைப்பு என்றுதான் சொல்கிறது. உங்கள் சொல்லை அதற்கும் போடவேண்டிவருமே? 2004-இல் ஈராக்கில் பொதுச் சேவை ஒலிபரப்பு என்ற பெயரில் ஆணை பிறப்பித்தது யார்? படையெடுத்து வந்தவர்களின் ஆக்கிரமிப்பு நிர்வாகம். சட்டத்தைப் பார்த்துப் பெயர் வைப்பீர்களா, நடப்பைப் பார்த்தா?

"நாட்டு" என்றதும் என் கணவருக்கு நாட்டுக்கோழி ஞாபகம் வந்ததாம். அதையும் சொல்லச் சொன்னார்.

என் முன்மொழிவு: அம்பலம். பழைய சொல், பொதுவிடம் என்று பொருள். "நாட்டம்பலம்" என்று வைத்துப் பாருங்கள், சில அசைகளும் மிச்சம்.

---

அன்புள்ள அம்மா,

நாட்டுக்கோழியை ஏற்றுக்கொள்கிறேன். நாட்டுமருந்தும் கூட வரட்டும். சோழர் காலத்தில் "நாடு" என்பது சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். நாட்டார் என்ற அவையும் இருந்தது. அரசன் இல்லாமலும் நாடு உண்டு என்று அந்தச் சொல்லுக்குத் தெரியும். அரசு கிடைக்காமலே நாடு என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மக்களுக்கு அது பொருந்தாதா?

அம்பலம் அழகு. ஆனால் "அம்பலப்படுத்துதல்" அதைக் கெடுத்துவிட்டது. அம்பலத்தில் செய்தி வாசித்தால் ஊழல் வெளியாகப்போகிறது என்று வாசகர் காத்திருப்பார்.

உங்கள் 133-ஆம் பிரிவுக் கேள்வி என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. முந்தைய மடலில் நான் சொல்ல மறந்தது ஒன்று: பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. என் தந்தை வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டியவர். கேட்பவரே காசு கொடுத்தார், ஆனால் அகில இந்திய வானொலி அரசுத் துறையாகவே இருந்தது. அதைத் தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1997 ஆனது. அதன் பிறகும் சுபாவம் எவ்வளவு மாறியது என்பதை நீங்கள் உங்கள் வீட்டுக் கதையிலேயே சொல்லிவிட்டீர்கள்.

நான் வந்து சேர்ந்த இடம் இது. ஓர் அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட பெயரை மொழிபெயர்க்கும்போது அதன் சொல்லை மதிக்கவேண்டும். டிஆர்டியின் சட்டம் பொது என்றால் மேற்கோளில் பொது என்றே எழுதுவேன். நான் என் வாயால் விவரிக்கும்போது நடப்பைப் பார்த்து அரசு அலைபரப்பகம் என்பேன். குர்திய மொழியில் பேசுவதாலேயே அது குர்தியரின் பொதுச் சொத்தாகிவிடாது. "நாட்டுப்பொது" என்பதை நடப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஊர்ப்பொதுக் குளத்துக்கு ஒருவர் வேலி போட்டால் அதை ஊர்ப்பொது என்று யாரும் சொல்வதில்லை, ஆக்கிரமிப்பு என்கிறோம் அல்லவா? அந்தக் கறார் இந்தச் சொல்லுக்கும் இருக்கட்டும்.

கதையில் முதல் முறை முழுப்பெயர், பிறகெல்லாம் வெறும் அலைபரப்பகம். கட்சிச் சேனல்கள் கட்சிச் சேனல்களாகவே வரும். அவற்றுக்குக் கலைச்சொல் தேவையில்லை.

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். கதையில் அந்த நிலையம் யெரெவான் வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பைப் பின்பற்றித் தொடங்குகிறது. அங்கே "யெரெவான் கபர் திதே" என்பார்கள். கபர் என்றால் செய்தி என்பதைப் பிடித்துக்கொண்டு முதல் வரைவில் "செய்தி தருகிறது" என்று எழுதியிருந்தேன். அந்த வட்டார வழக்கில் அதற்குப் "பேசுகிறது" என்றே பொருள் என்று பிறகு தெரிந்தது. இப்போது "பேசுகிறது" என்று திருத்திவிட்டேன்; அறிவிப்பாளர் என்ன சொன்னாலும் வாசிப்பவர் காதில் ஒரு நகரமே வாய் திறப்பது போல இருக்கிறது. எந்த நகரம் என்பதைக் கதாசிரியர் இன்னும் முடிவு செய்யவில்லை. செய்ததும் எழுதுகிறேன்.