அக்காவை எப்பிடி வெளியில எடுக்கிறது?

வணக்கம். கோண்டாவிலில இருந்து எழுதுறன். ஊருக்குள்ள வாய்விட ஏலாத கதை, அதால பேர் போடேல்ல.

அக்கா ஒரு நெட்வேர்க் மார்க்கெட்டிங் கொம்பனியில, அதுதான் சாமான் வாங்கி வித்து, கீழ கீழ ஆள் சேர்க்கிற கொம்பனியில, சேர்ந்து ரெண்டு வருசம். தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையெல்லாம் அடகில. கனடா மாமா அனுப்பின காசும் போட்டுது. சாமி அறையில விக்காத சத்துமாப் பேணியள், லாபம் எறும்புக்குத்தான். நட்டம் எண்டு சொன்னால், "நான் வடிவா உழைக்கேல்ல, பிழை என்னிலதான்" எண்டுறா.

கணக்குக் காட்டினன். ஒராள் ஆறு பேரைச் சேர்த்தால், எட்டாம் படியில மட்டும் 16 இலட்சத்துக்கு மேல ஆள் வேணும். யாழ் மாவட்டச் சனத்தொகையே ஆறு இலட்சம் அளவுதான். சிரிச்சிட்டுப் போட்டா.

காசு மட்டும் இல்லைப் போல. அத்தான் செத்தபிறகு அவவுக்குக் கைதட்டின ஒரே இடம் அந்தக் கொம்பனிக் கூட்டம் நடக்கிற ஹோல் மேடைதான். சித்தியையும் கூட்டாளியளையும் சேர்த்தும் விட்டிட்டா. பிழை எண்டு ஒத்துக்கொண்டால் அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?

வங்கித்தொழில் சட்டத்தின்ர 83சீ பிரிவு பிரமிட் திட்டங்களை, அதாவது புதுசா ஆள் சேர்க்கிறதில காசு பாக்கிற திட்டங்களைத் தடை செய்யுது, ஊக்குவிக்கிறதும் குற்றம். "நாங்கள் சாமான் விக்கிறம், இது பிரமிட் இல்லை" எண்டு மனப்பாடமாச் சொல்லுறா.

வீட்டில ஆரையும் இப்பிடி மீட்டெடுத்தனீங்களோ? என்ன சொல்லேக்க மனம் மாறினவை? மத்திய வங்கிக்கு முறைப்பாடு குடுத்தால், ஆள் சேர்த்ததுக்கு அக்காவும் மாட்டுவாவோ? சட்டம் தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து உள்பெட்டியில சொல்லுங்கோ. திட்டிறவை வேண்டாம், அதை அம்மா நாள்தோறும் செய்யிறா.