உதவி: மறுபதிப்பு ஆப்டிமஸ் பிரைம், கை கழன்று வருகிறது

குட்டிலாரி:
அவசரம் நண்பர்களே. லாரியாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மை ஆப்டிமஸ் இன்று வந்தது, பழைய மாடலின் மறுபதிப்பு என்றுதான் விற்றார்கள். ரொம்ப லேசாக இருக்கிறது, ஒரு தோள் தொங்குகிறது, முஷ்டி கழன்று என் கையில் வந்துவிட்டது. திருப்பி அனுப்ப நாளை கடைசி நாள். வைத்துக்கொள்ளலாமா?

நட்டுபோல்ட்டு:
எந்த ஆப்டிமஸ்? யார் தயாரிப்பு? பெட்டியில் என்ன போட்டிருக்கிறது? படம் போடுங்கள் பாஸ்.

மஞ்சள்வண்டு:
காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உலோகம், ஒரிஜினல். ஒட்டாவிட்டால் டூப்ளிகேட்.

பழையபெட்டி:
தம்பி, இதையெல்லாம் எத்தனை தடவைதான் எழுதுவது? இந்தப் பொம்மைகளின் உலோகப் பாகம் டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை, ஒரிஜினலிலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் அது ஸ்குரூவோ பின்னோ. அப்புறம் முஷ்டி கழன்றதற்கு ஒப்பாரி வேண்டாம். 1984 பொம்மையிலேயே முஷ்டிகள் தனித் துண்டுகள்தான், லாரியாக மாற்றும்போது கழற்றி வைக்க வேண்டும். கையேட்டைப் படிக்கும் பழக்கம் போய்விட்டது.

நட்டுபோல்ட்டு:
சரி, ஆனால் தோள் தொங்குவது கையேட்டில் இருக்காதே அண்ணா. குட்டிலாரி, ஒரிஜினல் தயாரிப்பாளர்களான ஹாஸ்ப்ரோ, டகாரா முத்திரை எங்காவது பொறித்திருக்கிறதா, அல்லது அந்த இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கியிருக்கிறார்களா பாருங்கள். பொம்மையிலிருந்தே அச்செடுத்து வார்த்தால் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி ஒரிஜினலைவிடக் கொஞ்சம் சிறிதாகும், நுணுக்கமான கோடுகளும் மழுங்கிவிடும். ஆனால் இப்போது வேண்டுமென்றே பெரிதாக்கியும் செய்கிறார்கள், அதனால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஓரங்களில் பிசிறு, வளையும் இடத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா? வெள்ளைக் கோடு இருந்தால் அந்த இடம் விரைவில் உடையும்.

மஞ்சள்வண்டு:
லாரியின் புகைக்குழாய் குட்டையாக இருக்கிறதா? குட்டை என்றால் கண்டிப்பாக டூப்ளிகேட்.

பழையபெட்டி:
மறுபடியும் தவறு. 2002-இல் அமெரிக்காவில் வந்த அதிகாரப்பூர்வ மறுவெளியீட்டிலேயே பாதுகாப்பு விதிக்காகக் குழாயைக் குறைத்தார்கள். டகாரா ஜப்பானில் வெளியிட்டதில் குழாய் நீளம்.

மஞ்சள்வண்டு:
அதிகாரப்பூர்வமோ இல்லையோ, குழாயை வெட்டிய பிறகு அது என்ன மறுபதிப்பு? என் டூப்ளிகேட்டில் குழாய் நீளம், மூட்டும் இறுக்கம்.

பழையபெட்டி:
டூப்ளிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரம் பேசுகிறீர்கள்.

சில்வர்ஸ்டிக்கர்:
சண்டை அப்புறம். தோள் தளர்வாக மட்டும் இருந்தால், உராயும் இடத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு அசைத்துப் பாருங்கள், ஈரத்தில் அசைத்தால் ஒட்டிக்கொள்ளும். திருப்பி அனுப்பப்போகிறீர்கள் என்றால் எதையும் தடவாதீர்கள். இறுக்கமான மூட்டுக்கு சிலிக்கான் கிரீஸ், சமையலறை எண்ணெய் வேண்டாம்.

குட்டிலாரி:
முத்திரை எங்கும் இல்லை, காலில் சுரண்டிய தடம் இருக்கிறது. முழங்கால் பக்கம் வெள்ளைக் கோடும். பெட்டியில் நிறுவனப் பெயரே கிடையாது. பார்சல் கட்டிவிட்டேன், நன்றி.

நட்டுபோல்ட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். முஷ்டிகளையும் உள்ளே போட்டீர்களா?

மஞ்சள்வண்டு:
அவர் போய்விட்டார். பழையபெட்டி அண்ணா, உங்கள் 2002 பொம்மையின் குழாயை அளந்து போடுங்கள், நானும் என்னுடையதைப் போடுகிறேன்.