ஓஎல்இடி லேப்டாப், டேப்லெட்: கடலோரத்தில் கைக்கு வந்தவை

ராமேஸ்வரம், சர்வீஸ் கடை:
விசைப்படகிலிருந்து வந்த ஓஎல்இடி டேப்லெட். வீல்ஹவுஸில் (படகு ஓட்டும் அறை) சார்ஜரோடு மாட்டி, கடல் மேப்பை ராத்திரி பூரா முழு வெளிச்சத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆப்பை மூடிய பிறகும் மேல்பட்டையும் ஜூம் பட்டனும் நிழலாக நிற்கின்றன. உப்புக்காற்றின் மேல் பழி போட வேண்டாம், இது பர்ன்-இன், அதாவது படம் திரையிலேயே பதிந்துபோவது. எல்சிடி மாதிரி பின்விளக்கு இதில் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, எரிய எரிய மங்குகிறது, அதிலும் நீலம் சீக்கிரம் தளரும். வெள்ளைப் பட்டை நகராமல் நின்றால் அந்த இடம் மட்டும் முந்தித் தேயும். தேய்ந்தது தேய்ந்ததுதான். மேப்புக்கு நைட் மோடு, வெளிச்சம் 30 – 40 சதவீதம், பட்டைகளை மறைத்து ஃபுல் ஸ்கிரீன். படகுக்கென்றே வாங்குவதானால் எல்சிடி போதும், காசும் மிச்சம்.

கீழக்கரை:
அண்ணே, செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் இந்த நிழலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடையில் கலர் கலராக வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள், எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கிறது.

ராமேஸ்வரம், சர்வீஸ் கடை:
வீடியோவில் தெரியாது தம்பி. ஒரே நிறப் படங்கள் ஐந்தை பென்டிரைவில் கொண்டுபோங்கள்: சாம்பல் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128), வெள்ளை, தனிச் சிவப்பு, தனிப் பச்சை, தனி நீலம். ஃபுல் ஸ்கிரீனில் வைத்து, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, கடை லைட்டுக்கு முதுகு காட்டிப் பாருங்கள். டாஸ்க்பார் இருக்கும் அடிவிளிம்பும் பிரவுசர் டேப் வரிசையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சாம்பலில் லேசாக மஞ்சளடித்த பட்டை, நீலத்தில் அதே இடம் மங்கல் என்றால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு டாஸ்க்பாரைத் தானாக மறையவிட்டு, 3 நிமிடத்தில் ஸ்கிரீன் அணைய வையுங்கள்.

தங்கச்சிமடம்:
கண் வலிக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி, போன் கேமராவில் ஷட்டரை 1/1000 வைத்துத் திரையைப் பிடித்தால் கறுப்புக் கோடுகள் ஓடும். பல லேப்டாப் ஓஎல்இடிகள் குறைந்த வெளிச்சத்தில் நொடிக்கு 240 தடவை அணைந்து எரிகின்றன. சிலருக்குத் தலைவலி, பலருக்கு ஒன்றுமே தெரியாது. கோடு அடர்த்தியாக இருந்தால் வெளிச்சத்தை மேலே வைத்துவிட்டு சாஃப்ட்வேரில் மங்கலாக்குங்கள்.

மண்டபம்:
ஈரம் பற்றி. திரையின் சீல் முழுசாக இருக்கும்வரை கச்சான் காற்று எவ்வளவு அடித்தாலும் பேனலுக்குள் உப்பு போகாது. மூலையில் கீறல் விட்டால் கதை வேறு. உள்ளே இருக்கும் ஆர்கானிக் அடுக்குக்கு ஈரமும் ஆக்சிஜனும் ஆகாது; கீறலிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்று கிளம்பி, தாளில் மை ஊறுவதுபோல் பரவும். டேப் ஒட்டினால் கண்ணாடித் தூள்தான் நிற்கும், ஈரம் நிற்காது. எல்சிடியில் உடைந்த பக்கம் போக மற்ற பாதியை வைத்து வேலை ஓட்டிவிடலாம், இதில் அந்த நம்பிக்கை வேண்டாம். அன்றைக்கே பேக்கப் எடுத்துவிடுங்கள்.

துடைப்பதிலும் கவனம். ஜன்னலோரம் வைத்த மெஷினில் படிவது வெறும் தூசி இல்லை, உப்புப் பொடி. காய்ந்த துணியால் தேய்த்தால் மேல்பூச்சில் கோடு விழும். ஆஃப் செய்து, முதலில் புளோயரால் ஊதி, மைக்ரோஃபைபரில் டிஸ்டில்டு வாட்டர் (பேட்டரிக்கு ஊற்றுவதேதான்) லேசாகத் தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். தண்ணீரைத் திரையில் நேரடியாக அடிக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கிற நீல லிக்விட் பக்கமே போகாதீர்கள்.

தனுஷ்கோடி ரோட்டில் வண்டி ஓட்டுபவர்களுக்கு: சாதாரண ஓஎல்இடி லேப்டாப் 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) அளவுக்குத்தான். மணல்வெளியில் உச்சி வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும். 2024 ஐபேட் ப்ரோவில் இரண்டு ஓஎல்இடி அடுக்கு வைத்து முழுத்திரைக்கே 1000 நிட்ஸ் தருகிறார்கள். அதற்கும் சுற்றுச்சூடு 35 டிகிரி வரைதான் கணக்கு. சூடேறினால் தானே மங்கிவிடும். டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

பாம்பன்:
ஐபி68 (தூசி, தண்ணீர் புகாது என்கிற தரக்குறி) என்று போட்டிருந்தால் கடல்தண்ணி பட்டாலும் பரவாயில்லையா?

மண்டபம்:
அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத்தண்ணி பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, டைப்-சி ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறி, முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். ஈரத்தோடு கரண்ட் போனால் ஓட்டைக்குள் இருக்கும் உலோகப் பின்னில் பச்சை பூத்துவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 – ஜூன் 14) படகு டேப்லெட்டைப் பாதி சார்ஜில் அணைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முழு சார்ஜில் வைத்தால் பேட்டரி உப்பக்கூடும்; உப்பிய பேட்டரி திரையைப் பின்னாலிருந்து தள்ளி சீலைப் பிரித்துவிடும்.