கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் ஹோட்டல், சுற்றுலா மேலாண்மை: நம்பிப் படிக்கலாமா?

இரவுப்பணி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஹோட்டலில் ஃப்ரன்ட் ஆபீஸில் இருக்கிறேன், பெரும்பாலும் நைட் ஷிப்ட். கையில் டிப்ளமோ மட்டும்தான். ட்யூட்டி மேனேஜர் பதவிக்கு விண்ணப்பித்தபோது டிகிரி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிற நிலைமை இல்லை, அதனால் ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் எனக்குப் பிடித்த பாடத்திட்டம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வருவாய் மேலாண்மை, நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலாத் திட்டமிடல், ஹோட்டல் சட்டம் எல்லாம் உண்டு, கூடவே வேதாகம அறிமுகம் ஒன்றும் கிறிஸ்தவ உலகப் பார்வை என்று ஒன்றும் கட்டாயப் பாடம். நான் கிறிஸ்தவன் இல்லை. அந்தப் பாடங்களில் என்ன எதிர்பார்ப்பார்கள்? அப்புறம், ஹோட்டல் வேலையை ஸ்க்ரீனில் படித்தேன் என்றால் நாளைக்கு யாராவது மதிப்பார்களா?

மூன்றாம்மாடி:
நான் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன், வேலை பார்த்துக்கொண்டே. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நம்பிக்கைக்கு மார்க் கிடையாது, வாதத்துக்குத்தான் மார்க். வாரத்தின் நடுவில் டிஸ்கஷன் போர்டில் ஒரு பதிவு போட வேண்டும், வாரக் கடைசிக்குள் வகுப்பில் இருக்கும் வேறு இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும். நீங்கள் வேறு மதமாக இருந்தால் அதையே சொல்லி எழுதலாம், என் வகுப்பில் அப்படிப் பலர் இருந்தார்கள். ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. சில பல்கலைக்கழகங்கள் சேரும்போதே விசுவாச அறிக்கையிலோ (கிறிஸ்தவ நம்பிக்கைகளை ஏற்கிறேன் என்று சொல்வது) நடத்தை விதியிலோ கையெழுத்துக் கேட்கும், அதைப் பணம் கட்டும் முன்பே வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

அந்தப் பாடங்களை வேண்டாத சுமையாக நினைக்காதீர்கள் என்பது என் எண்ணம். எங்களுக்கு வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஹோட்டல் ஓவர்புக் ஆகியிருக்கிறது, அதாவது இருக்கிற அறைகளைவிட அதிகமாக புக்கிங் வாங்கியிருக்கிறார்கள். நள்ளிரவில் மிச்சம் ஒரே அறை, கவுன்டரில் இரண்டு தரப்பு. ஒருவர் அடிக்கடி வருகிற மெம்பர், இன்னொன்று ஒரே இரவுக்குக் குறைந்த ரேட்டில் புக் செய்த குடும்பம், கையில் தூங்கும் குழந்தை. யாரை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவீர்கள்? வருவாய்ப் பாடம் படித்தவர் யோசிக்காமல் குடும்பத்தை அனுப்புவார். இங்கே வேதாகமத்தில் உள்ள, எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் அந்நியரை உபசரிக்கச் சொல்லும் பகுதியைக் கொடுத்து, இதை வைத்து உங்கள் முடிவை நியாயப்படுத்துங்கள் என்றார்கள். ஓவர்புக்கிங் செய்வதே சரியா என்பதில் தொடங்கி வகுப்பு முழுக்க எழுதித் தள்ளினோம். நைட் ஷிப்டில் நிற்கிற உங்களுக்கு இந்த மாதிரிக் கேள்வி எவ்வளவு பயன்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாப் பக்கமும் நன்றாக இருந்தது. ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்ற ஊர் 1633இல் கொள்ளைநோயின்போது நேர்ந்துகொண்டு, 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்திவருகிறது. பத்து வருடத்துக்கு ஒரு முறை. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. சுமார் 5,000 பேர் இருக்கிற ஊருக்கு ஒரே சீசனில் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். அதற்காக அறைகள் கட்டினால் நடுவில் வரும் ஒன்பது வருடம் என்ன செய்வது? இதை வைத்து ஒரு அசைன்மென்ட் எழுதினேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கணக்குமேசை:
மதத்தைவிட முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள், தயவுசெய்து. பெயரில் கிறிஸ்தவம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதால் பட்டம் செல்லும் என்று ஆகாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற இடங்களில் சமயக் கல்லூரிகளுக்கு மாநில உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அப்படி விலக்கு வாங்கியவை சமயப் பட்டம்தான் தரலாம், ஹோட்டல் மேலாண்மைப் பட்டம் தர முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால், அங்கீகாரம் தரும் அமைப்புகளை மதிப்பிடும் சேயா (CHEA) அமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஹோட்டல் படிப்புக்கென்றே தனியாக அங்கீகாரம் தரும் ஆக்ஃபா (ACPHA) என்ற அமைப்பு இருக்கிறது, சுற்றுலாப் படிப்புகளின் தரத்துக்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பு தரும் டெட்குவால் (TedQual) சான்றும் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் படிப்பு மோசம் என்று அர்த்தமில்லை, இருந்தால் நல்லது.

அதோடு, நீங்கள் வேலை பார்க்கப்போகிற நாடு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பதையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறைப்படி ஹோட்டல் மேனேஜ்மென்ட்டை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தவே அனுமதி இல்லை.

ஸ்க்ரீனில் படிக்க முடியுமா என்றால், கணக்குப் பக்கம் தாராளமாக முடியும். 100 அறை ஹோட்டல். ஒரு நாள் 80 அறை, ஒரு அறை சராசரி 50க்குப் போகிறது. அன்றைய அறை வருவாயை மொத்தம் இருக்கிற 100 அறையால் வகுத்தால் வருவது ரெவ்பார், அது 40. இன்னொரு நாள் 60 அறைதான், ஆனால் 65க்கு, ரெவ்பார் 39. முதல் நாள்தான் நல்ல நாள் என்று தோன்றும். ஆனால் இரண்டாம் நாளில் 20 அறை குறைவு, அவற்றுக்குச் சுத்தம் செய்யும் ஆள், லினன், லாண்டரி எதுவும் இல்லை, அதனால் கையில் நிற்பது பெரும்பாலும் அன்றுதான் அதிகம். இதைப் படிக்க வகுப்பறை தேவையில்லை. இரவில் அன்றைய கணக்கை முடிக்கிற நைட் ஆடிட் பார்க்கிற உங்களுக்கு இந்த எண்கள் தினமும் கண்முன்னால் ஓடுகின்றன.

பணியமர்த்தல்:
ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆன்லைன் பட்டம் என்பதற்காக நான் யாரையும் தள்ளியதில்லை, ஹோட்டலில் ஒரு ஷிப்டுகூட நின்றதில்லை என்பதற்காகத் தள்ளியிருக்கிறேன். கோபத்தில் கத்துகிற விருந்தினர் முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்பது, ஒரே நேரத்தில் டூர் பஸ் இரண்டு வந்து இறங்கும்போது சாவியைக் குழப்பாமல் கொடுப்பது, இதெல்லாம் தளத்தில் நின்றால்தான் வரும். உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது சகோ, அதனால் ஆன்லைன் உங்களுக்குப் பொருந்தும். ப்ளஸ் டூ முடித்த கையோடு வருகிறவருக்கு நான் இதையே சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள். இப்போது பார்க்கிற வேலையையே இன்டர்ன்ஷிப்பாக ஏற்பார்களா, டிப்ளமோவுக்கு எத்தனை கிரெடிட் கழிப்பார்கள். ஏற்றாலும் அதே கவுன்டரில் நிற்காமல், ஹவுஸ்கீப்பிங்கிலோ, விருந்து நிகழ்ச்சிகளைப் பார்க்கிற பேங்க்வெட்டிலோ போடச் சொல்லி உங்கள் மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரவுப்பணி:
ரொம்ப நன்றி. அங்கீகாரம் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. நடத்தை விதியில் மது கூடாது என்று இருக்கிறது. எனக்குப் பழக்கம் இல்லை, ஆனால் சில நாள் பாருக்கும் அனுப்புகிறார்கள், பில் போடுவேன், பரிமாறவும் செய்வேன். அது பிரச்சினையாகுமா?

மூன்றாம்மாடி:
பொதுவாக அந்த விதி நீங்கள் குடிப்பதைப் பற்றித்தான், வேலையைப் பற்றி அல்ல. இருந்தாலும் சேர்க்கைப் பிரிவுக்கு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஃபோனில் சொன்னது நிற்காது. அதே மெயிலில் பானங்கள் மேலாண்மை பாடமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில இடங்களில் அதை வைப்பதில்லை, நீங்கள் எஃப் அண்ட் பி, அதாவது உணவு, பானப் பிரிவுப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அந்த இடைவெளியை வெளியே ஒரு தனிச் சான்றிதழால் நிரப்ப வேண்டிவரும்.