மறுமொழி: எஃப்.என்.ஏ.சி.க்குத் தமிழ்ச் சொல்

ஐயா, வணக்கம். கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதில் வரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைதான் எஃப்.என்.ஏ.சி.; நோயாளியின் ஒப்புதல் படிவத்துக்காக அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

‘நுண்ணூசி உறிஞ்சல் உயிரணுவியல்’ என்ற தங்கள் பரிந்துரையில் ‘நுண்ணூசி’ அப்படியே நிற்கட்டும். 22 முதல் 25 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) வரையுள்ள ஊசிக்கு அது பொருத்தம். மற்ற இரண்டும் இடிக்கின்றன.

கழுத்தில் நெறி கட்டி வருபவருக்குப் பல நேரங்களில் சிரிஞ்சை இழுப்பதே இல்லை. வெறும் ஊசியைக் கணுவுக்குள் (வீங்கிய நிணநீர் முடிச்சுக்குள்) செலுத்தி முன்னும் பின்னும் அசைத்தால் நுண்புழை விசையிலேயே (மெல்லிய குழாயில் திரவம் தானாக ஏறும் விசை) செல்கள் ஏறிவிடும். இரத்தக் கலப்பும் குறைவு. பிறகு உறிஞ்சல் எங்கே வந்தது? இங்கே நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் கொழுந்து பறிப்பவரிடம் ‘உறிஞ்சி எடுப்போம்’ என்றால் அட்டைதான் நினைவுக்கு வரும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து விழாது.

‘இயல்’ துறைக்கு உரியது, சோதனைக்கு வேண்டாம்.

இதே சோதனைக்கு அம்மையார் ஒருவர் முன்வைத்த ‘ஊசித் திசுச் சோதனை’ என்ற பெயரை நான் கடுமையாகவே மறுக்கிறேன். ஊசியில் வருபவை உதிரிச் செல்கள். கணுவின் கட்டமைப்பு வருவதில்லை. காசநோய்க்கும், வேறிடத்திலிருந்து பரவிய புற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். அரிய கட்டிகளில்தான் சிக்கல். ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமா என்ற அரிய புற்றை எடுத்துக்கொள்ளுங்கள்; 1986இல்தான் அது தனிக் கட்டியாக விவரிக்கப்பட்டது. ஸ்லைடில் நீள்வட்டக் கருவுள்ள செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுழல் சுழலாகக் கிடக்கும். நடுநடுவே சின்னஞ்சிறு லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்). சந்தேகப்பட அது போதும். உறுதி செய்யப் பெரும்பாலும் கணுவையே வெட்டியெடுத்து, சிடி21, சிடி35 என்ற அடையாளப் புரதங்களுக்கான சோதனைகள் செய்ய வேண்டும். ‘திசுவைத்தான் அன்றைக்கே எடுத்தீர்களே, மறுபடி எதற்குக் கத்தி?’ என்று நோயாளி கேட்டால் தவறு அவருடையதல்ல, நாம் வைத்த பெயருடையது.

‘செல்’லா, ‘உயிரணு’வா? இங்குள்ள பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ‘செல்’. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களில் அங்கே படித்த பெரியவர்கள் ‘கலம்’ என்பார்கள். அழகான சொல், ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே புரியாது.

ஆகவே என் பரிந்துரை: ‘நுண்ணூசிச் செல் சோதனை’.

கூடவே இன்னொரு சொல்லும் தேவை. செல்களுக்கு நிறமேற்றிப் பார்க்க உதவும் ஜீம்சா சாயத்துக்கு ஸ்லைடு காற்றில் சட்டென்று உலர வேண்டும். ஜூலை மூடுபனியில் இங்கே அது நடக்கிற காரியமா? மெதுவாக உலர்ந்தால் செல் சுருங்கி, கருவின் அமைப்பு மங்கி, சாதாரண நெறிகூட வேறொன்றாக வேடம் கட்டும். மின்விசிறிக்கு முன்னால் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இந்தக் கோளாறுக்கு ‘உலர்பிழை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக ஏதும் தோன்றினால், புதிய படிவம் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.